அலர்ஜிக்கு ஒரு கட்டம்

இல்லீங்க, நான் டாக்டர் இல்லீங்க. ஆஸ்பத்திரி ஸ்டாப்புல ஏறினேன், கழுத்துல இந்த அட்டை வேற தொங்குது, அதுல அப்படி நெனச்சுட்டீங்களாட்ட இருக்குது. விசிட்டர் அட்டைங்க இது. கீழ திருப்பிக் குடுத்துட்டு வந்திருக்கணும், மறந்துட்டேன். இன்னைக்கு என்னவோ எல்லாமே மறக்குது.

கோயமுத்தூர் வரைக்குமா போறீங்க? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். தெய்வசிகாமணிங்க எம் பேரு. ஆபீஸ்ல சிகாமணி சார்ம்பாங்க.

கம்ப்யூட்டர் வேலைதானுங்க. ஆனா ஸ்கிரீன் போடறவன் இல்ல, அது வேற ஆளுங்க. இப்ப நீங்க ஆஸ்பத்திரிக்குப் போறீங்க. கவுன்ட்டர்ல பேரு கேக்கறாங்க, வயசு கேக்கறாங்க, என்ன தொந்தரவுன்னு கேட்டு டக்கு டக்குன்னு அடிக்கறாங்க. அடிச்சது எங்க போகுது? எங்கியாவது போய்ச் சேரணுமில்லீங்களா? அது சேர்ற எடத்துக்குப் பேருதான் டேட்டாபேஸ். எங்க சாப்ட்வேர் கோயமுத்தூர்ல இருந்து தருமபுரி வரைக்கும் ஏகப்பட்ட ஆஸ்பத்திரியில ஓடுது. அத்தனை நோயாளிங்க சங்கதியும் ஒரே எடத்துல வந்து உக்காரும். அதைக் காக்கறவன் நான்.

லேசுப்பட்ட காரியம் இல்லீங்க. அது நின்னா அத்தனை ஆஸ்பத்திரியும் நிக்கும். சீட்டுப் போட முடியாது, பார்மசியில மருந்து வராது, லேப் ரிசல்ட் வராது. நான் வந்ததுல இருந்து ஆஸ்பத்திரி நடக்கற நேரத்துல ஒரு நாள் நின்னதில்லீங்க. ஒரு நாள்! எங்க மேனேஜர் சேதுமாதவன் சார், புது ஆஸ்பத்திரிக்காரங்க யாரு வந்தாலும் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "இவரு இருக்கற வரைக்கும் நீங்க கவலைப்பட வேண்டியதில்லை"ன்னுதான் சொல்லுவாரு. பெருமைக்குச் சொல்லலைங்க, நடந்ததைச் சொல்றேன்.

எப்படி நிக்காம வச்சிருந்தேன்னு கேளுங்க. யாரையும் தொட விடலை. அவ்வளவுதான் ரகசியம்.

அதுக்குக் காரணம் இருக்குதுங்க. நான் மொதல்ல வேலை பாத்த கம்பெனியில, ஒரு பெரிய பட்டியல்ல புதுசா ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னாங்க. பேரு, ஊரு, வயசுன்னு கட்டம் கட்டமா இருக்குமில்லீங்களா, அதுல இன்னொண்ணு. சொன்னாங்க, சேர்த்தேன். அந்தக் காலத்து டேட்டாபேஸ் என்ன பண்ணும்னா, கட்டம் சேர்த்து முடிக்கிற வரைக்கும் மொத்தப் பட்டியலையும் பூட்டிக்கும். ஒருத்தரும் உள்ள போக முடியாது. பில் போடற ஆளுங்க அத்தனை பேரும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டாங்க. மொதலாளி எறங்கி வந்து, எல்லாப் பொம்பளப் புள்ளைங்க முன்னாடியும், "இவனை எவன்டா உள்ள விட்டது, மாடு மேய்க்கத்தான் லாயக்கு"ன்னாரு. நான் செய்யச் சொன்னதைத்தானுங்க செஞ்சேன். அன்னைக்கு முடிவு பண்ணினேன். ஓடறதைத் தொடக் கூடாது. ஊட்டுலயும் அப்படித்தான். பீரோவை அந்த ரூமுக்கு மாத்தலாம்னு எம் பொண்டாட்டி கல்யாணம் ஆன நாள்ல இருந்து கேக்கறா. அது இருக்கற எடத்துல நல்லாத்தானுங்க இருக்குது.

எங்க ஆபீஸ்ல ஷமீமான்னு ஒரு பொண்ணு. பள்ளப்பட்டி. வார்டுல நர்ஸுங்க பாக்கற ஸ்கிரீன் அந்தப் பொண்ணு பொறுப்பு. நல்ல கைங்க, பொய் சொல்லக் கூடாது. ஆனா நெறைய கேக்கும். அது வேணும் சார், இது வேணும் சார். டெவலப்பருங்க எல்லாருமே அப்படித்தான், இவ கொஞ்சம் அதிகம்.

ஒரு நாள் எம் மேசைக்கு வந்து நின்னா.

"சார், நோயாளி பட்டியல்ல ஒரு கட்டம் சேக்கணுங்க."

"என்னத்துக்கு அம்மிணி?"

"அலர்ஜிக்குங்க. எந்த மருந்து ஒத்துக்காதுன்னு தனியா ஒரு கட்டம். அது இருந்தா ஸ்கிரீன்ல செவப்புல காட்டலாம். டாக்டர் அந்த மருந்தை எழுதினாலே நிறுத்திடலாம்."

நல்ல யோசனைதான்னேன். இல்லைன்னு நான் சொல்லவே இல்லீங்க, அதை நீங்க கவனிக்கணும். இதுவரைக்கும் இல்லைன்னு எந்த டெவலப்பருக்கும் நான் சொன்னதில்லை. "அது பெரிய பட்டியல் அம்மிணி, பூட்டிக்கும். மொத்தமா நிறுத்தற நாள் வரட்டும், அன்னைக்குப் போட்டுடலாம்"னேன்.

அந்த நாள் வரணுமில்லீங்களா? ஆஸ்பத்திரிக்காரங்க எந்த நாளைக் குடுப்பாங்க? திங்கக்கெழமை ஓ.பி. நெரியும். மாசக் கடைசி இன்சூரன்ஸ். பொங்கலுக்குக் கேட்டா பொங்கலுக்குத்தான் ஆக்சிடென்ட் கேஸு அதிகம்ங்கறாங்க. அதுக்கு நான் என்ன பண்றது?

மறுபடி வந்தா. "சார், நம்ம இப்ப வச்சிருக்கற வெர்ஷன்ல கட்டம் சேர்த்தாப் பூட்டாதுங்க. படிச்சுப் பாத்தேன். டெஸ்ட்ல போட்டுக் காட்டட்டுங்களா?"

"டெஸ்ட்ல இருக்கறது பத்து நோயாளி. அதுல எது போட்டாலும் பூட்டாது. நெசத்துல இருக்கறது எவ்வளவு பேருன்னு தெரியுமா உனக்கு?"

"அப்ப முழுசா ஒரு காப்பி எடுத்துக் குடுங்க சார். பேரெல்லாம் மாத்திட்டுக் குடுங்க. அதுல போட்டுப் பாக்கறேன்."

பாருங்க, அடுத்தது காப்பி. அத்தனை ஜனங்களோட நோவு நொடியெல்லாம் இருக்குது அதுல. பேரை மாத்தினாலும் வெளிய விடலாங்களா? அதுக்கு எடம் வேணும், பாதுகாப்பு வேணும், யாரு பொறுப்பு? முடியாதுன்னு சொல்லலை. எழுதிக் குடு, பாக்கலாம்னேன். எழுதியும் குடுத்தா. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

ஆனா நான் ஒண்ணும் கல்லு இல்லீங்க. அந்தப் பொண்ணு மூஞ்சி வாடினதைப் பாத்துட்டு நானேதான் வழி சொன்னேன். "ஏம்மிணி, குறிப்புன்னு ஒரு கட்டம் சும்மாதானே இருக்குது? அலர்ஜியை அதுல எழுதச் சொல்லு. எந்தக் கட்டமும் சேக்க வேண்டியதில்லை, எதுவும் நிக்காது." "குறிப்புல எல்லாரும் எல்லாத்தையும் எழுதறாங்க சார்"னா. "அதனால என்ன, இதையும் எழுதட்டும்"னேன். போயிட்டா. பொறவு கேக்கலை. சரி, வேலை நடக்குதுன்னு நானும் விட்டுட்டேன்.

சங்ககிரி வந்துருச்சுங்களா? வெளிய ஒண்ணும் தெரியலை, கண்ணாடி பூரா தூசி.

அடுத்தாப்ல ஒரு பிரச்சனை வந்துச்சுங்க. வார்டு ஸ்கிரீன் ரொம்ப மெதுவா வருதுன்னு எல்லா ஆஸ்பத்திரியில இருந்தும் கத்தல். நர்ஸம்மா ஒரு பேரைத் தொட்டா, சுத்திக்கிட்டே இருக்குது. சேதுமாதவன் சார் என்னைத்தான் கூப்பிட்டாரு. உக்காந்து பாத்தேன். என்னன்னு பாத்தா, இந்தக் குறிப்புக் கட்டம்! கதை கதையா எழுதி வச்சிருக்கறாங்க. சோறு உப்பில்லாம வேணும், மாமியார் வந்தா உள்ள விட வேண்டாம், எல்லாம் அதுல. அத்தனையும் ஒவ்வொரு தடவையும் தூக்கிட்டு வந்தா எப்படி வெசையா வரும்?

நான் சொன்னேன், மொதல் வரியை மட்டும் கொண்டு வந்து காட்டுங்க. மீதி வேணும்ங்கறவங்க அதைத் தொட்டுப் பாத்துக்கட்டும். ஷமீமா, "சார், அலர்ஜி அதுலதான் இருக்குது"ன்னா. அதுக்கும் நான் பதில் சொன்னேன்: "அலர்ஜியை மொதல் வரியில எழுதச் சொல்லிடு." அவளும் சொன்னா, எல்லா ஆஸ்பத்திரிக்கும் மெயில் போட்டாங்க. மாத்தினதும் ஸ்கிரீன் எப்படிப் பறந்துச்சுங்கறீங்க! தொட்டா வந்து நிக்குது. நர்ஸுங்களே கைதட்டினாங்களாம். ஆபீஸ்ல கேக் வாங்கி வெட்டினாங்க. சேதுமாதவன் சார் எனக்கு ஊட்டி விட்டாரு.

இந்த வருசம் ஆடி மாசத்துலதானுங்க அது நடந்துச்சு.

சேலத்து ஆஸ்பத்திரி ஒண்ணு, பேரு வேண்டாமுங்க. ஓமலூர்ப் பக்கம் ஒரு டீச்சரம்மா, செல்வநாயகின்னு பேரு, கணக்கு டீச்சர். பித்தப்பையில கல்லுன்னு ஆபரேஷனுக்கு வந்து சேந்திருக்கறாங்க. கவுன்ட்டர்ல தெளிவாச் சொல்லியிருக்கறாங்க, எனக்குப் பெனிசிலின் ஊசி ஆகாது, சின்ன வயசுல போட்டு மூச்சு நின்னு பொழைச்சவ நான்னு. கவுன்ட்டர்ல இருந்த பையனும் அடிச்சிருக்கறான். ஆனா எங்க? 'இன்சூரன்ஸ் கார்டு ஜெராக்ஸ் இன்னும் வரலை, கணவர் போன் சாயங்காலம்தான் எடுப்பாரு' அப்படின்னு ஏற்கெனவே இருந்த வரிக்குக் கீழ. ரெண்டாவது வரியில. மெயிலை எவன் படிக்கறான்?

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. டீச்சரம்மா மயக்கம் முழுசாத் தெளியாம கெடக்கறாங்க. டாக்டர் ஸ்கிரீனைப் பாத்துத்தான் ஊசி எழுதினாரு. கையில செவப்புப் பட்டை கட்டுவாங்களே அலர்ஜி இருந்தா, அதையும் ஸ்கிரீனைப் பாத்துத்தான் கட்டுவாங்க, கட்டலை. ஜெசிந்தான்னு ஒரு நர்ஸம்மா, ரொம்ப வருசமா அங்க இருக்கறவங்க, அவங்களும் ஸ்கிரீனைப் பாத்தாங்க. இன்சூரன்ஸ், கணவர் போன். அவ்வளவுதான் தெரிஞ்சுது. ஊசியைப் போட்டுட்டாங்க.

ஒடம்பு தடிச்சு, மூச்சு அடைச்சு, நெஞ்சு நின்னுருச்சு. எல்லாரும் ஓடி வந்து குத்தி அமுக்கி நெஞ்சை ஓட வச்சுட்டாங்க. உசுரு வந்துருச்சு. ஆனா மூளைக்குக் கொஞ்ச நேரம் காத்துப் போகலையாம். பேச்சு வரலீங்க. வலது கை வேலை செய்யலை. இப்பத்தான் 'ம்மா'ன்னு ஒரு சத்தம் வருதுங்கறாங்க.

எனக்கு போன் வந்தப்ப காப்பி குடிச்சுட்டு இருந்தேன். "சேலத்துல ஒரு பேஷன்ட்டுக்கு நம்ம ஸ்கிரீனால..."ன்னு சேதுமாதவன் சார் ஆரம்பிச்சதுமே டம்ளரை அப்படியே வச்சுட்டேனுங்க. ஓடிப் போய் மொதல்ல டேட்டாபேஸைத்தான் பாத்தேன். மானிட்டர்ல எல்லாம் பச்சை. ஒரு எடத்துல கூடத் தடங்கல் இல்லை, மெதுவாகலை, ஒரு எழுத்து கூடத் தொலையலை. டீச்சரம்மா சொன்னது அப்படியே, பத்திரமா, இருக்குது. அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. நம்ம பக்கம் ஒண்ணுமில்லைன்னு.

மறுநாள் மேல இருந்து உத்தரவு. அலர்ஜிக்குக் கட்டம் இப்பவே சேக்கணும், நாள் பாக்காதேன்னுட்டாங்க. பட்டப்பகல்ல, எல்லா ஆஸ்பத்திரியிலயும் ஓ.பி. நடக்குது. பழைய மொதலாளி பின்னாடி வந்து நிக்கற மாதிரியே இருந்துச்சு. ஆனா பின்னாடி நின்னது ஷமீமா. கட்டளையை அடிச்சு, கண்ணை மூடிக்கிட்டு பட்டனைத் தட்டினேன்.

கண்ணைத் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சுட்டுதுங்க. பூட்டலை, நிக்கலை, ஒருத்தருக்கும் தெரியலை. நான் திரும்பி, "பாத்தியா அம்மிணி, எவ்வளவு சுத்தமா வச்சிருந்தா இவ்வளவு வெசையா முடியும்?"னேன். அவ என்னையே பாத்துக்கிட்டு நின்னா. அப்பறம் போய் மொகம் கழுவிட்டு வந்தா.

அந்த வாரமே வேலையை விட்டுட்டா. போறப்ப எங்கிட்ட வந்து, "சார், உங்க மேல எனக்குக் கோவம் இல்லைங்க. நான்தான் இன்னும் ஒரு தடவை கேட்டிருக்கணும்"னா. பாருங்க, அவளே சொல்லிட்டா. அதைத்தான் நானும் சொல்றேன். கேட்டிருந்தா நான் மாட்டேன்னா சொல்லப் போறேன்? ஆனாலும் அவ போனது எனக்குச் சங்கடந்தானுங்க. அந்த மேசையில இப்ப வேறொரு பையன். அவன் எங்கிட்ட எதுவுமே கேக்கறதில்லை. கேக்காம எப்படி வேலை நடக்குதுன்னுதான் புரியலை.

இன்னைக்கு விசாரணை. அதுக்குத்தான் சேலம் வந்தேன். ஆஸ்பத்திரி தலைமை டாக்டரம்மா நடுவுல, சுத்தி இன்னும் மூணு நாலு பேரு. ஷமீமா வேலையை விட்டும் வந்திருந்தா, கூப்பிட்டிருக்கறாங்க. ஜெசிந்தா அம்மா ஒரு ஓரத்துல, மடியில கைப்பையை வச்சு இறுக்கிப் புடிச்சுக்கிட்டு. அவங்களை வேலைக்கு வர வேண்டாம்னு நிறுத்தி வச்சிருக்கறாங்க. டாக்டரை நிறுத்தலை, அது அவங்க ஊட்டு விவகாரம்.

ஜெசிந்தா அம்மாகிட்டக் கேட்டாங்க, ஏன் மீதி வரியைத் தொட்டுப் பாக்கலைன்னு. "பாத்திருக்கணும் மேடம். அன்னைக்கு வார்டுல நான் ஒருத்திதான் இருந்தேன். ஆனாலும் பாத்திருக்கணும்"னாங்க. அழுவலை. அதைச் சொல்லிட்டு உக்காந்துட்டாங்க.

ஷமீமாகிட்டக் கேட்டாங்க, அலர்ஜியை ஏன் குறிப்புல வச்சீங்கன்னு. "வேற எடம் இல்லைங்க மேடம்"னா. நான் சொல்லித்தான்னு சொல்லுவாளோன்னு பாத்தேன். சொல்லலை. எம் பேரையே எடுக்கலை. நல்ல வளர்ப்பு.

அப்பறம் நான். எல்லாம் தயாராக் கொண்டு போயிருந்தேன். கிராஃப் போட்டுக் காட்டினேன். ஊசி போட்ட அந்த நேரத்துல டேட்டாபேஸ் எப்படி ஓடுச்சு, ஸ்கிரீன் எவ்வளவு சீக்கிரம் வந்துச்சு, எல்லாம். ஒரு குறை சொல்ல முடியாது. தலைமை டாக்டரம்மா பொறுமையாக் கேட்டுட்டு, "இப்ப அலர்ஜிக்குத் தனிக் கட்டம் இருக்குதா?"ன்னாங்க.

"இருக்குதுங்க மேடம். மறுநாளே சேர்த்துட்டேன்."

"அதுக்காக எவ்வளவு நேரம் சிஸ்டத்தை நிறுத்தினீங்க?"

எனக்குச் சந்தோசமாயிருச்சுங்க. இதைக் கேக்க மாட்டாங்களான்னுதான் இருந்தேன். "நிறுத்தவே இல்லீங்க மேடம். பகல்லயே போட்டேன். கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சுது"னேன்.

"நிறுத்தவே இல்லை"ன்னு அவங்க ஒரு தடவை திருப்பிச் சொன்னாங்க. பேனாவைக் கீழ வச்சுட்டாங்க. ஜெசிந்தா அம்மா தலையைத் தூக்கி என்னைப் பாத்தாங்க. அதுக்கு முன்ன ஒரு தடவை கூட அவங்க என்னைப் பாக்கலீங்க. ஷமீமா ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டா. நல்லதுதானுங்க சொன்னேன்? அந்த மாதிரி ஓடற டேட்டாபேஸ் இந்தப் பக்கத்துல யாருகிட்ட இருக்குது, சொல்லுங்க?

சரி, நீங்க போகலாம்னுட்டாங்க.

வெளிய வராந்தாவுல ஒருத்தரு பிளாஸ்க்கோட உக்காந்திருந்தாரு. என்னைப் பாத்ததும் எந்திரிச்சாரு. "கம்ப்யூட்டர்காரரு நீங்கதானுங்களா?"ன்னாரு. டீச்சரம்மா ஊட்டுக்காரரு. மாதையன்னு பேரு, பஸ் டெப்போவுல எலெக்ட்ரீசியனாம். சட்டையைப் புடிப்பாரு, கத்துவாருன்னு நெனச்சேன். ஜனங்க வேற சுத்தி நிக்கறாங்க. அவரு மெதுவாத்தான் கேட்டாரு.

"உள்ள ஏதோ கட்டம் கட்டம்னு பேசிக்கறாங்க. அதை நான் பாக்கலாங்களா?"

அவரு சம்சாரத்துது, காட்டினா என்ன? லேப்டாப்பைத் தொறந்து, செல்வநாயகின்னு அடிச்சு எடுத்தேன். ஸ்கிரீன்ல மேலயே, செவப்புல, பெனிசிலின்னு வந்துச்சு. "இதுதானுங்க"ன்னு காட்டினேன்.

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கிட்டுக் குனிஞ்சு பாத்தாரு. வெரலை வச்சு அந்த வார்த்தையைத் தொட்டாரு. எங்க கட்டத்துல எத்தனை எழுத்து வேணும்னாலும் அடிக்கலாம், ஆனா அதுல இருந்தது அந்த ஒரே வார்த்தைதான்.

"அவ்வளவுதானுங்களா?"ன்னாரு.

ஆமாங்கன்னேன். மேல ஏதாச்சும் கேப்பாருன்னு லேப்டாப்பை மூடாமத்தான் நின்னேன். அவரு கேக்கலை. கண்ணாடியைக் கழட்டிப் பையில வச்சுட்டு, பிளாஸ்க்கை எடுத்துக்கிட்டு வார்டுக்குள்ள போயிட்டாரு.

என்னத்துக்கு அப்படிக் கேட்டாருன்னு அப்ப இருந்து யோசிக்கறேனுங்க. கத்தியிருந்தாருன்னா எங்கிட்டப் பதில் இருந்துச்சு. எல்லாத்துக்கும் கிராஃப் வச்சிருந்தேன். அவரு கத்தலீங்களே.